எல்லையோர வயலும் ஓய்வுநாள் விதியும்

‘ஓய்வுநாளில் (யூதர்கள் வேலை செய்யாத சனிக்கிழமையில்) எல்லையில் எதிரி விளைச்சலைக் கொள்ளையடித்தாலும் யூதர்கள் ஆயுதம் எடுக்கக் கூடாது, அதுதான் அவர்கள் மதச்சட்டம்’ என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது பாதிதான் சரி. பொருளுக்காக மட்டும் எதிரி வந்தால் ஓய்வுநாளை மீறக் கூடாது என்பது பொதுவிதி. ஆனால் எல்லையோர ஊருக்கு விதி வேறு. வெறும் வைக்கோலுக்கும் பயிர்த்தாளுக்கும் வந்தால்கூட ஆயுதத்தோடு போகலாம் என்கிறது யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தால்முட். வைக்கோல் பெரிதில்லை, அந்த ஊர் விழுந்தால் நாட்டுக்குள் நுழைய வழி கிடைத்துவிடும் என்பது தால்முட்டின் உரையாசிரியர் ராஷியின் விளக்கம்.

சந்தேகம் இருந்தால் தால்முட்டில் எருவின் பகுதி, 45ஆம் ஏட்டின் முன்பக்கம் பாருங்கள். செஃபாரியா தளத்தில் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலவசமாகக் கிடைக்கிறது. பின்னாளைய சட்டத்தொகுப்பான ஷுல்ஹான் அரூஹிலும் (ஒராஹ் ஹயிம் 329:6) இதே விதிதான். தால்முட் அங்கே பேசும் கேகிலா ஊர்க் கொள்ளை, தமிழ் பைபிளிலேயே 1 சாமுவேல் 23:1இல் இருக்கிறது.