மலாக்கா பக்கம்தானே?

இன்னொரு தடவை யாராவது "பகாவிலிருந்து மலாக்கா பக்கம்தானே" என்று சொன்னால், சாவியைக் கையில் திணித்து நீயே ஓட்டு என்று சொல்லிவிடுவேன்.

பக்கம்தான். மலேசியாவில் நெகிரி செம்பிலானில் இருக்கிற எங்கள் பகாவிலிருந்து கோலப்பிலா, தம்பின், அலோர் காஜா என்று, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஓட்டினால், சாதாரண நாளில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் சாதாரண நாளில் எங்களுக்கு லீவு ஏது? செம்பனை ஆலையில் வேலை செய்யும் மச்சானுக்குச் சனியும் ஞாயிறும் சேர்ந்து கிடைப்பதே அபூர்வம். இந்த மார்ச்சில் கிடைத்தது. அதே சனிக்கிழமைதான் கோலாலம்பூரும் சிங்கப்பூரும் குடும்பத்தோடு மலாக்காவுக்குக் கிளம்பின.

விடியற்காலையிலேயே கிளம்புவோம் என்று முதல் நாளே தலைபாடாக அடித்துக்கொண்டேன். எட்டரைக்கு அம்மா தேங்காய் தேடிக்கொண்டிருந்தார். மலாக்காப் பிள்ளையாருக்கு அர்ச்சனை செய்யணுமாம், அதுவும் வீட்டு மரத்துத் தேங்காய்தான் வேணுமாம். அப்புறம் தம்பினில் பசியாற இறங்கி, ஒன்பது பேருக்கும் ரொட்டி சானாய். சரி, அதுவரை எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

மலாக்கா ஆறு கண்ணில் படுவதற்கு முன்பே வேன் நின்றுவிட்டது. முன்னால் இருந்த காடியின் பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த பூனைப் படம் எனக்கு மனப்பாடம். கடைசியில் ஒரு காலி மனையில், கயிறு கட்டி உட்கார்ந்திருந்தவரிடம் பதினைந்து வெள்ளி (ரிங்கிட்) அழுதுவிட்டு இறங்கினோம். ரசீது கேட்டேன். சிரித்தார். கோயிலுக்கு நடந்து போய்ச் சேரும்போது மணி ஒன்றேகால். நடை சாத்தியாகிவிட்டது. உச்சிப்பொழுதில் எந்தக் கோயில் திறந்திருக்கும்?

அது என்ன சாதாரணக் கோயிலா? டச்சுக்காரன் காலத்தில், 1781ல், மலாக்கா செட்டிகள் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில். அதே தெருவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல், சில எட்டு தள்ளி செங் ஹூன் தெங் சீனக் கோயில். ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்ட நம் ஆட்களைக் கப்பலேற்றிய காலத்துக்குப் பல நூற்றாண்டு முன்பே, சுல்தான்கள் காலத்திலேயே வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் கட்டி, பேச்சு மலாயாக மாறியும் சாமியை விடாதவர்கள் அந்தச் செட்டிகள். காஜா பெராங்கில் அவர்கள் கிராமம் இன்னும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதைக் காட்டத்தான் இவ்வளவு பாடும். அவர்கள் பார்த்ததோ, தலையில் பூனை பொம்மையும் பின்னால் ஒலிபெருக்கியும் வைத்து அலறிக்கொண்டு போன திரிஷா என்கிற மூன்று சக்கர சைக்கிள் வண்டிகளை. 1511ல் போர்த்துகீசியன் கட்டத் தொடங்கிய கோட்டையில் ஆங்கிலேயன் இடித்ததுபோக மிச்சம் ஒரு வாசல். அதிலும் செல்ஃபி வரிசை. 2008ல் யுனெஸ்கோ பட்டம் வந்ததே, கூடவே நாலு சின்ன பஸ்ஸும் வந்திருக்கக் கூடாதா?

ரயிலில் போவதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. மலாக்கா நகரத்துக்கு ரயில் கிடையாது! முன்பு இருந்தது. தம்பினிலிருந்து கிளை பிரிந்து நகரம் வரை ஓடியது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் வந்து தண்டவாளத்தைப் பெயர்த்து, சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயிலுக்குக் கொண்டுபோனான். தண்டவாளத்தை மட்டுமா? தோட்டம் தோட்டமாக ஆட்களையும் அள்ளிக்கொண்டு போனான். என் தாத்தாவின் அண்ணன் அப்படிப் போனவர்தான், திரும்பவில்லை. சண்டை 1945ல் முடிந்தது. எண்பது வருடம் ஆகியும் அந்தத் தண்டவாளத்தைத் திரும்பப் போட ஆளில்லை. இன்றைக்கும் ரயில் மலாக்கா மாநிலத்துக்குள் நுழையத்தான் செய்கிறது. பூலாவ் செபாங் என்று எல்லையோரமாக ஒரு ஸ்டேசன். வாசல்படி வரை வந்து செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் போகிற விருந்தாளி மாதிரி. அங்கிருந்து நகரத்துக்கு பஸ்ஸோ வாடகைக் காடியோ பிடிக்க வேண்டும். எங்கள் பகாவிலும் ஸ்டேசன் இருக்கிறது, ஆனால் அது கிழக்குக்கரைத் தடம். கிமாஸ் போய் மாறணும். ஒன்பது பேர், இரண்டு கைக்குழந்தை, ஒரு தேங்காய்.

அன்றிரவு லுக்குட்டில் சித்தி வீடு. ஞாயிற்றுக்கிழமை தஞ்சோங் துவான். அதுவும் மலாக்காவுக்குச் சொந்தமான இடம்தான், ஆனால் போர்ட்டிக்சன் பக்கம் தனியாகக் கிடக்கிறது. காடு, 1863ல் கட்டிய கலங்கரை விளக்கம், கீழே கடல். மார்ச் மாதம் சுமத்ராவிலிருந்து தேன்பருந்துகள் கூட்டமாகக் கடல் தாண்டி வரும். அவற்றைத் தூக்கிவிடும் சூடான காற்று கடல்மேல் எழும்பாது. அதனால் நீரிணை குறுகலாக இருக்கிற இந்த முனையைப் பார்த்து வந்து, களைத்துப்போய்த் தலைக்கு மேலேயே தாழப் பறக்கும். பருந்துக்கு இருக்கிற அறிவு நமக்குச் சாலை போட்டவனுக்கு இல்லை.

கடற்கரைச் சாலையில் மறுபடியும் அதே கதை. ஏறிப் போய்ச் சேரும்போது மூன்றரை. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. தொலைநோக்கிக் கருவியை மடக்கிக்கொண்டிருந்த ஒரு சீனப் பெரியவர், "பாகி பாஞாக்" என்றார். காலையில் நிறைய வந்ததாம். மச்சான் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"என்னை என்னத்துக்குடா பாக்குற? நானா ரோட்ட அடச்சேன்?"

திரும்பும் வழியெல்லாம், வளைவுக்கு வளைவு அந்தத் தேங்காய் வேனுக்குள் உருண்டு என் சீட்டுக்கு அடியில் டக் டக் என்று இடித்துக்கொண்டே வந்தது. திங்கட்கிழமை காலை தோசைக்குச் சட்னி. தட்டை வைக்கும்போது அம்மா சொல்கிறார்: "அடுத்த லீவுக்கு ஒரு ரெண்டு தேங்காயா எடுத்துக்குவோம்."