சயாமுக்குப் போனவர்களின் பெயர்கள்

செப்டம்பர் 22 வந்தால் எம்டன் பதிவுகளும் வந்துவிடும். 1914-ல் ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட கதை. எனக்கும் பிடித்த கதைதான், சிறுவயதில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால் உலகப் போரில் தமிழர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தது சென்னையில் இல்லை, இரண்டாம் உலகப் போரின்போது, சயாம் என்று நம்மவர்கள் சொன்ன தாய்லாந்து, பர்மா காடுகளில், ஜப்பான் போட்ட ரயில் பாதையில். அதைப் பற்றி நாம் ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம்?

எங்கள் பூட்டியின் அண்ணன் முசிறிப் பக்கமிருந்து மலாயாவின் ரப்பர் தோட்டத்துக்குப் பால்மரம் வெட்டப் போனவர். ஜப்பான்காரன் வந்த பிறகு அவரிடமிருந்து கடுதாசி நின்றுபோனது. போர் முடிந்து ஊர் திரும்பிய ஒருவர், "சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போனாங்க" என்று மட்டும் சொன்னாராம். செத்த நாள் தெரியாததால் திதி கிடையாது. மகாளய அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

பர்மாவில் இருந்த தன் படைக்குக் கடல்வழியாகச் சாமான் அனுப்ப ஜப்பானால் முடியவில்லை, நேச நாட்டு நீர்மூழ்கிகள் கப்பல்களைத் தாக்கிக்கொண்டிருந்தன. அதனால் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியுசயாத் வரை 415 கிலோமீட்டருக்குக் காட்டையும் மலையையும் வெட்டி ரயில் பாதை போட்டார்கள். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். அங்கே வேலை வாங்கிய நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் கொண்டுபோனார்கள், அதில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். வெள்ளைக்காரத் துரைகள் போய்விட்டதால் தோட்டத்தில் வேலையில்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கைத் தின்று சாக்கைக் கட்டிக்கொண்டிருந்த சனத்திடம், சம்பளம் உண்டு, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்து மற்றவர்கள் ஒளிய ஆரம்பித்ததும் ஆள் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். சிலர் பெண்டாட்டி பிள்ளைகளோடு போனார்கள்.

போர்க்கைதிகளிடம் மருத்துவர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று கண்டித்துச் சொல்ல அதிகாரிகள் இருந்தார்கள். யார் எந்த நாளில் செத்தார், எங்கே புதைத்தோம் என்று ஒளித்து எழுதிவைத்தார்கள். நம்மவர்களுக்கு இது எதுவுமே இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். உயிர் முழுதாகப் போகுமுன்பே குழியில் தள்ளியதைப் பார்த்ததாகப் பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கைதிகளில் இறந்தவர்கள் ஏறத்தாழ 13,000. ஆசியத் தொழிலாளர்களில் 80,000 முதல் ஒரு லட்சம் வரை என்பது மதிப்பீடு, அந்த இடைவெளியே 20,000 உயிர்!

அந்தப் பாதையில் உள்ள தாய்லாந்து ஊரான காஞ்சனபுரியில், போர்க்கைதிகளைப் புதைத்த போர்க் கல்லறைக்குப் போயிருக்கிறேன். ஏறத்தாழ 7,000 பேர், வெட்டிவிட்ட புல், பெரும்பாலான கல்லில் பெயர், வயது, சிலவற்றில் தாய் எழுதிய ஒரு வரி. அந்தப் பையன்களை நினைத்து அழுகை வந்தது, அவர்களும் பாவம்தான். நம் ஆட்கள் எங்கே என்று தேடினால் ஒரு கல்கூட இல்லை. 1990-ல் அதே ஊரில் கரும்புக் கொல்லையைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வந்தன. 1951 சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கை போர்க்கைதிகளாகத் துன்பப்பட்ட படைவீரர்களுக்கு இழப்பீடு என்று தனிப்பிரிவே வைத்தது, தோட்டத் தொழிலாளிக்கு அதில் இடமில்லை. துப்பாக்கி பிடித்தவன்தான் போரில் செத்தவனா? இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

2023-ல் காஞ்சனபுரியில் தமிழர்களுக்காக ஒரு நடுகல் வைத்தார்கள். செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் நடுகல் என்றால் பெயர் பொறிக்க வேண்டும், சங்க காலத்திலிருந்தே அதுதான் நம் வழக்கம். அந்தப் பெயர்கள் இப்போது அரசாங்கக் கோப்பில் இருப்பதைவிட வீடுகளில்தான் அதிகம் இருக்கும். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு, அப்புறம் மலேசியாவில் பேராக், சிலாங்கூர் என்று சொந்தம் உள்ளவர்கள், வீட்டில் எண்பது தாண்டியவர்கள் இருந்தால் இந்த வாரமே கேளுங்கள். பெயர், ஊர், தோட்டம், கூடப் போனவர் யார். பாதி தெரிந்தாலும் எழுதிவையுங்கள்.

நான் ஒரு நோட்டில் ஆரம்பித்துவிட்டேன். முதல் வரியில் பூட்டியின் அண்ணன். பேராக் என்பது வரைக்கும் தெரிகிறது, எந்தத் தோட்டம் என்று ஈப்போவில் இருக்கும் சித்தியிடம் கேட்டிருக்கிறேன்.