ஜாமீன் உத்தரவைப் படிக்கத் தெரியாமல் சிறைக்குள் அனுப்பாதீர்கள்

சமூகப் பணி படிக்கும் பிள்ளைகளைக் களப்பணிக்காகச் சிறைக்கு அனுப்பும் முன் ஆற்றுப்படுத்தல் (கவுன்சலிங்) பாடம் நடத்துகிறோம். நடத்த வேண்டியதுதான். ஆனால் ஒரு ஜாமீன் உத்தரவைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரியாதவரை உள்ளே அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்த பிறகும் வெளியே வர முடியாதவர்கள் இவர்களில் உண்டு. ஊர்விட்டு ஊர் வந்து கட்டட வேலை பார்த்தவருக்கு ரேஷன் கார்டோடும் வரி ரசீதோடும் ஜாமீன் நிற்க யார் வருவார்? ஜாமீன் கிடைத்து 7 நாளில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர், இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. ஒரு மாதமாகியும் ஆள் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். இது தெரிந்த பணியாளர் விடாமல் பின்தொடர்ந்தால் ஒருவர் வீடு போய்ச் சேர வழி பிறக்கும்.

அப்புறம், பேச்சு. உள்ளே எல்லோரும் கேட்பது, "நான் எப்ப வெளிய போவேன்?" புதிதாகப் போகிறவர் மனசு கேட்காமல், "கவலைப்படாதீங்கண்ணா, சீக்கிரம் போயிடலாம்" என்று சொல்லிவிடுவார். அதை நம்பி அந்த மனிதர் அடுத்த வாய்தா வரை நாளை எண்ணிக்கொண்டிருப்பார். வாய்தா தள்ளிப்போனால் பணியாளரிடம் பேசுவதையே விட்டுவிடுவார். "தெரியலண்ணா, வக்கீல்கிட்ட கேட்டுட்டு வியாழக்கிழமை வந்து சொல்றேன்" என்று சொல்லப் பழக்க வேண்டும். பதில் கிடைக்காவிட்டாலும் வியாழக்கிழமை போய் நிற்க வேண்டும்.

பெண்கள் சிறையில் "என்ன கேஸ்?" என்பதற்கு முன் "பிள்ளைங்க யார்கிட்ட இருக்காங்க?" என்று கேட்க வேண்டும். 6 வயது வரைதான் குழந்தை தாயோடு சிறையில் இருக்கலாம். அதற்கு மேற்பட்ட பையன் பக்கத்து வீட்டிலா, பாட்டி ஊரிலா என்றே தெரியாமல் தவிக்கும் தாயிடம் என்ன ஆலோசனை சொல்வது? நேரில் போய்ப் பார்த்து, பையன் பள்ளிக்கூடம் போகிறானா, சாப்பிட்டானா என்று வந்து சொல்பவரிடம்தான் அவர் மனம் திறப்பார்.

டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் பிரயாஸ் திட்டம் 1990-இல் மும்பையில் தொடங்கி இன்றும் இப்படிக் களத்தில் நிற்கிறது. இங்கே வேலூரில் சிறை அதிகாரிகளுக்கான பயிற்சி நிறுவனமே இருக்கிறது. நம் மாணவர்களையும் அங்கே பயிற்சிக்கு வருபவர்களையும் சில வகுப்புகளிலாவது ஒன்றாக உட்காரவைக்கலாமே? உள்ளே போன பிறகு, யாரிடம் எவ்வளவு நேரம் பேசலாம், பக்கத்தில் வார்டர் நிற்பாரா என்பதெல்லாம் அந்த அதிகாரிகள் கையில்தான் இருக்கிறது.