முதலில் நான்கு சனிக்கிழமைகள்

"உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக எங்கள் பகுதியிலேயே ஒரு ரோபாட்டிக்ஸ் லீக் தொடங்கலாம் என்று இருக்கிறோம். எந்த கிட் வாங்கலாம்?" இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வந்துவிடுகிறது. கேட்பவர் பெரும்பாலும் ஓர் இயற்பியல் ஆசிரியர், அல்லது பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் ஒரு பொறியாளர். என் பதில் அவர்களுக்குப் பிடிப்பதே இல்லை. கிட் என்ற ரோபோ சாமான் பெட்டியைப் பற்றிக் கடைசியில் பேசலாம், நான்கு சனிக்கிழமைகளுக்கு ஏதாவது ஓர் அரங்கின் சாவி கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வாருங்கள் என்பேன். பாதிப் பேர் திரும்ப அழைப்பதில்லை.

எட்டுப் பள்ளிகள் சேர்ந்த சிறிய லீக் ஒன்றில் ஐந்து ஆண்டுகளாக நடுவராகவும், மேசை தூக்குபவனாகவும், சில நாட்களில் சமாதானத் தூதனாகவும் இருந்துவருகிறேன். அதற்கு முன்பு பெரிய போட்டிகளுக்கு அணிகளை அழைத்துக்கொண்டு போனவன். அப்படிப் போன ஒரு பயணம் இன்னும் உறுத்துகிறது. எட்டு மாதம் உழைத்துச் செய்த ரோபோ. முதல் ஆட்டம் தொடங்கி மூன்று விநாடி ஆகவில்லை, மோட்டார் தண்டையும் சக்கரத்தையும் பிடித்திருந்த சிறு திருகு தளர்ந்துவிட்டது. மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் நிற்கிறது. அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் அதே கதை. திரும்பி வரும் வழியில்தான் ஒரு மாணவன் கண்டுபிடித்தான்: தண்டு முழு உருளையாக இருக்கிறது, அதில் ஒரு பக்கத்தை அரத்தால் தட்டையாக்கியிருந்தால் திருகு உட்கார இடம் கிடைத்திருக்கும். மிகச் சரியான கண்டுபிடிப்பு. ஆனால் அவன் அதைச் செய்து பார்க்க அடுத்த ஆட்டம் என்று ஒன்று இல்லை. அடுத்த ஆண்டு அவன் பள்ளியை முடித்துவிட்டான்.

லீக் என்ற ஏற்பாட்டின் மொத்தப் பயனும் எனக்கு அந்த மாணவன்தான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே களம், அதே எதிரிகள், அதே ரோபோ. இடையில் இருக்கும் அந்த மூன்று வாரத்தில்தான் பொறியியல் நடக்கிறது. இரண்டு வாரம் என்றால் உடைந்ததை ஒட்டுவதற்கே சரியாகிவிடும். ஐந்து வாரம் என்றால் என்ன உடைந்தது என்பதே மறந்துவிடும்.

பெரிய போட்டிகளை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அவற்றின் இன்றைய விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து மலைத்துப்போகிறவர்கள் அவை தொடங்கிய இடத்தையும் பார்க்க வேண்டும். மாணவர்களுக்கு ரோபோ போட்டி நடத்தும் ஃபர்ஸ்ட் என்ற அமைப்பை அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989இல் நிறுவினார். அதன் முதல் போட்டி, 1992இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. வந்தவை 28 அணிகள். அதன் வடிவத்துக்குத் துணை நின்ற வுடி ஃப்ளவர்ஸ், எம்ஐடி என்ற அமெரிக்கத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் தன் வடிவமைப்பு வகுப்பு மாணவர்களுக்கு ஒரு பை நிறைய உதிரிச் சாமான்களைக் கொடுத்து, இதில் ஓர் இயந்திரம் செய்து அடுத்தவனின் இயந்திரத்தோடு மோதவிடு என்று சொன்ன பேராசிரியர். பையும் மேசையும்தான் மூலதனம். அதே அமைப்பு வளர்ந்த பிறகு, 2009இல் மிச்சிகன் மாநில அணிகளுக்கு ஒரே பெரிய வட்டாரப் போட்டிக்குப் பதிலாக அருகருகே இரண்டு சிறிய போட்டிகளில் ஆடும் முறையைக் கொண்டுவந்தது. பெரியவர்களே சிறியதை நோக்கித் திரும்பியிருக்கிறார்கள். நாம் ஏன் பெரியதில் தொடங்க வேண்டும்?

கணக்கைப் பாருங்கள். எட்டு அணிகள். ஓர் ஆட்டத்தில் இரண்டு அணிகள் ஒரு கூட்டணி, எதிரே இன்னும் இரண்டு. ஓர் அணிக்கு ஆறு ஆட்டம் என்றால் மொத்தம் பன்னிரண்டு ஆட்டங்கள். ஆட்டம் இரண்டரை நிமிடம், களத்தைச் சீராக்கி அடுத்தவர்களை ஏற்ற இன்னும் நான்கரை நிமிடம். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. பரிசோதனை, பயிற்சி, பஞ்சாயத்து எல்லாம் சேர்த்தாலும் ஒரு காலைப் பொழுது. களம் என்பது இரண்டடிச் சதுர நுரைப்பாய்கள் முப்பத்தாறு, அதாவது பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி. சுற்றிலும் ஒரு சாண் உயரப் பலகை. அவ்வளவுதான். (இந்த முப்பத்தாறு பாய்களையும் போட்டி இல்லாத நாட்களில் யார் வீட்டில், எந்த அறையில் வைப்பது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் லீக் கலைந்துபோக இருந்த ஒரே தருணம் இதனால் வந்தது.)

கூட்டணி முறையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒற்றைக்கு ஒற்றை ஆடினால் வலுவில்லாத அணி ஆறு முறை தனியாகத் தோற்கும். கூட்டணியில், இன்று எதிரியாக இருப்பவன் அடுத்த ஆட்டத்தில் பங்காளி. அதனால் அவனுடைய ரோபோ ஓடாவிட்டால் உங்களுக்கும் நஷ்டம், ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு அவன் மேசைக்கு நீங்களே போவீர்கள். வெக்ஸ் என்ற இன்னொரு பெரிய மாணவர் ரோபோ போட்டியில் தரவரிசையின் சமநிலையை உடைக்க ஒரு புத்திசாலித்தனமான வழி இருக்கிறது: ஆட்டத்தில் தோற்ற கூட்டணி எடுத்த புள்ளிகள்தான் இரு தரப்புக்கும் கணக்கில் சேரும். எதிரியை நசுக்கிப் பூஜ்யத்தில் உட்கார வைத்தால் உங்களுக்கும் பூஜ்யம். ஒழுக்கப் பாடம் எதுவும் நடத்தாமல் கணக்கிலேயே நாகரிகத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். நாங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

சவாலை வடிவமைக்கும்போது எல்லோரும் செய்கிற தவறு, கடினமான ஒன்றை நினைத்துத் தாங்களே ரசிப்பது. கோட்டைத் தாண்டி நின்றாலே புள்ளி கிடைக்கும்படி ஒரு வேலை இருக்க வேண்டும். எந்தப் பள்ளியும் முதல் சனிக்கிழமை பூஜ்யத்தோடு வீட்டுக்குப் போகக் கூடாது. நடுவில் கட்டைகளைத் தள்ளுவது, அள்ளுவது. உச்சத்தில், நான்காவது சனிக்கிழமைக்குள் ஒரே ஓர் அணி சாதித்தால் போதும் என்ற அளவில் ஒன்று. விதிப் புத்தகம் ஆறு பக்கத்தைத் தாண்டினால் அதை யாரும் படிப்பதில்லை, நடுவர் உட்பட. பருவத்தின் நடுவில் விதியை மாற்றாதீர்கள். சந்தேகம் வந்தால் கேள்வியும் பதிலும் எழுத்தில், எல்லா அணிகளுக்கும் ஒரே நேரத்தில். நடுவரிடம் முறையிட வருபவர் மாணவராகத்தான் இருக்க வேண்டும், கைபேசிப் படப்பதிவு எதையும் நடுவர் பார்க்கமாட்டார். இந்த இரண்டும் பெரிய போட்டிகளிலும் உள்ள வழக்கங்கள். முதல் ஆண்டில் இவை எங்களிடம் இல்லை. ஒரு தந்தை தன் கைபேசியை என் மூக்குக்கு நேராக நீட்டி நான்கு முறை அதே காட்சியைப் போட்டுக் காட்டினார். நான்கு முறையும் கட்டை கோட்டின் மேல்தான் இருந்தது.

தொழில்நுட்பக் கோளாறுகளில் என்னைச் சிரிக்கவைத்ததும் ஒன்று உண்டு. முதல் ஆண்டில் பாதி அணிகள் கைபேசியிலிருந்து புளூடூத் வழியாக ரோபோவை ஓட்டின. எல்லோரும் வாங்கியிருந்தது ஒரே HC-05 என்ற சிறு புளூடூத் பலகை. தொழிற்சாலையிலிருந்து வரும்போது எல்லாப் பலகைக்கும் ஒரே பெயர், ஒரே கடவு எண். ஒரு பள்ளியின் ஓட்டுநர் தன் ரோபோவை முன்னால் போகச் சொல்கிறாள், அடுத்த மேசையில் சக்கரம் கழற்றிக்கொண்டிருந்த இன்னொரு பள்ளியின் ரோபோ உறுமுகிறது. பேய் பிடித்துவிட்டது என்று ஒரு வாண்டு தீர்ப்பே சொல்லிவிட்டான். அன்றிலிருந்து பரிசோதனை மேசையில் முதல் கேள்வி "பெயரை மாற்றினாயா?" என்பதுதான். இரண்டாவது, பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் வெளியே கைக்கு எட்டுகிறதா என்பது. லித்தியம் பேட்டரியை ஆள் இல்லாத அறையில் சார்ஜ் போடுவதற்கு எங்களிடம் மன்னிப்பு கிடையாது, அன்றைய நாள் முழுவதும் அந்த அணி பார்வையாளர்தான்.

பேட்டரியைச் சொன்னதும் இன்னொன்று. ஆட்டத்தின் முதல் முப்பது விநாடி யாரும் தொடாமல் ரோபோ தானாக இயங்க வேண்டும். முதல் சனிக்கிழமை எல்லோரும் எழுதும் நிரல் ஒன்றே: இரண்டு விநாடி முன்னால் போ, திரும்பு, நில். காலையில் கச்சிதமாக நிற்கும். புதிதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும், மதியத்துக்குள் அது இறங்கிவிடும், மோட்டாரின் வேகமும் கூடவே இறங்கும். அதே இரண்டு விநாடியில் ரோபோ ஒரு முழம் முன்னதாகவே நின்றுவிடுகிறது. மாணவர்கள் நிரலைத் திட்டுவார்கள், பாயைத் திட்டுவார்கள். நாம் பதிலைச் சொல்லிவிடக் கூடாது. நாவைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டாவது சனிக்கிழமைக்குள் யாராவது ஒருவர் காலத்தை விட்டுவிட்டுச் சக்கரத்தின் சுற்றுகளை எண்ணும் என்கோடரோடு வருவார். மூன்றாவதில் நான்கு அணிகளிடம் அது இருக்கும். வகுப்பறையில் மின்னழுத்தத்துக்கும் வேகத்துக்கும் உள்ள உறவை ஒரு வாரம் நடத்தினாலும் இந்தப் பரவல் நடக்காது.

நாவைக் கடிப்பது எல்லாருக்கும் முடிகிற காரியமா என்றால், முடிவதில்லை. இரவோடு இரவாகத் தாமே சால்டரிங் செய்துவிட்டுக் காலையில் பிள்ளைகள் கையில் ரோபோவைக் கொடுக்கும் அப்பாக்களை எனக்குத் தெரியும். நான் குற்றம் சொல்லமாட்டேன், என் கையும் அரிக்கிறது. எங்கள் தீர்வு எளிது. பரிசோதகர் ஏதாவது ஒரு கம்பியைத் தொட்டு, இது எங்கே போகிறது என்று மாணவரைக் கேட்பார். சொல்லத் தெரியாவிட்டால் அபராதம் ஒன்றுமில்லை, அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டு மீண்டும் மாட்டச் சொல்வார். ஒரு பருவத்திலேயே அப்பாக்கள் பார்வையாளர் வரிசைக்கு நகர்ந்துவிட்டார்கள்.

இதைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறு. மூன்றாம் ஆண்டு வரை, பெண்கள் இருந்த கலப்பு அணிகளில் ஓட்டுகிறவன் பையன், குறிப்பேடு எழுதுகிறவள் பெண். யாரும் திட்டமிடவில்லை, தானாகவே அப்படி விழுந்துவிடுகிறது. தானாக விழுவதைத் தானாக மாறும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு போட்டி நாளிலும் ஓட்டுநர் வேறொருவராக இருக்க வேண்டும் என்று விதி எழுதினோம். திறமைக்கு அநியாயம் என்று சண்டை வந்தது. வரட்டும். நான்கு பேருக்கு ஓட்டத் தெரிந்த அணியில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் ஆட்டம் நின்றுபோகாது என்று மட்டும் பதில் சொன்னேன்.

சரி, கிட். கடன் கொடுத்துத் திரும்ப வாங்குங்கள். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பொறியாளர்கள் 1993இல் தொடங்கிய பெஸ்ட் என்ற போட்டி இதைத்தான் செய்கிறது: பள்ளிகளிடம் கட்டணம் கிடையாது, எல்லோருக்கும் ஒரே சாமான் பெட்டி, சில வாரங்கள், முடிந்ததும் மோட்டார்களும் கட்டுப்பாட்டுப் பலகையும் திரும்பி வர வேண்டும். எந்தப் பிராண்ட் என்பதைவிட எத்தனை மோட்டார் என்பதில் கறாராக இருங்கள். எங்களிடம் நான்கு மோட்டார், சொன்ன கோணத்தில் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டார் இரண்டு, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. வசதியுள்ள பள்ளிக்கும் அதே நான்கு. மரம், அட்டை, குழாய், எதில் வேண்டுமானாலும் உடல் செய்துகொள்ளட்டும். ஒவ்வொரு அணிக்கும் ஒரு பெரியவர் போதாது, இரண்டு பேர் வேண்டும். ஆசிரியர் பள்ளி மாறிப் போனதும் கரைந்துபோன அணிகள் இரண்டைப் பார்த்துவிட்டேன்.

போன பருவத்தில் ஓர் அணி, முதல் சனிக்கிழமை கோட்டைத் தாண்டிய புள்ளியை மட்டும் எடுத்தது. நான்காவது சனிக்கிழமை முடிந்தபோது எட்டில் ஏழாவது இடம். பரிசளிப்பு நடந்துகொண்டிருக்கும்போது அவர்களைக் காணவில்லை. பார்த்தால், அரங்கின் மூலையில் எட்டாவது இடம் வந்த அணியோடு தரையில் உட்கார்ந்து, பற்சக்கர விகிதம் மூன்றுக்கு ஒன்றா ஐந்துக்கு ஒன்றா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அரங்கைப் பூட்ட வேண்டிய காவலாளி சாவியோடு காத்திருந்தார். சாவியை நானே வாங்கிக்கொண்டேன்.