கடதாசி ஆலையையும் கடலோர வேடரையும் ஒரே ஆவணத்தில் வைக்க வேண்டும்

மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனைக் கடதாசி ஆலையின் வரலாற்றைத் தொகுக்கப் போகிறோம், பழைய படங்கள் இருந்தால் தாருங்கள் என்ற பதிவுகள் அவ்வப்போது கண்ணில் படுகின்றன. நல்ல முயற்சி. ஆனால் எல்லாமே ஆலையின் கேற்றில் தொடங்கி அந்தக் கேற்றுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. ஓட்டமாவடிப் பாலத்தைக் கடந்து திருகோணமலை வீதியால் வடக்கே போனால் மாங்கேணி, பனிச்சங்கேணி, பால்சேனை, கதிரவெளி. உள்ளே திரும்பினால் குஞ்சன்குளம், மதுரங்கேணிக்குளம். இலங்கையின் பழங்குடிகளான வேடரில் தமிழ் பேசுபவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பக்கம் இது. ஆலைக்கு ஒரு பெட்டி, வேடருக்கு வேறொரு பெட்டி என்று பிரித்து வைத்தால் இரண்டு பெட்டியிலும் பாதிக் கதைதான் மிஞ்சும்.

காரணம் இருக்கிறது. 1946 குடிசன மதிப்பீட்டில் நாடு முழுவதும் வேடர் 2,361 பேர். 1953 இல் 803 பேர். ஏழு வருடத்தில் மூன்றில் இரண்டு பங்குச் சனம் செத்துப்போகவில்லை. பெரும்பாலும் மாறியது கணக்கெடுப்பவர் எழுதிய சொல்தான். கிழக்குக் கரையில் தமிழ் பேசியவர் தமிழராகவும், உள்நாட்டில் சிங்களம் பேசியவர் சிங்களவராகவும் பதியப்பட்டார்கள். அதே 1950களில்தான் ஆலையும் எழும்பியது. காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் கடதாசி ஆகிய மூன்றுக்கும் ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் வித்திடப்பட்டது. வாழைச்சேனை நாட்டின் வரைபடத்தில் ஏறிய அதே பத்தாண்டில், பக்கத்துச் சனம் அட்டவணையிலிருந்து இறங்கியது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்காமல், இந்த ஊர்கள் அடங்கிய கோறளைப்பற்றின் வரலாற்றை எழுத முடியாது.

முதலில் ஆலை. திறப்புவிழாப் படம், அமைச்சர் மாலையோடு நிற்கும் படம் எல்லாம் எங்காவது கிடைக்கும். கிடைக்காமல் போவது வேலை நடந்த விதம். முக்கிய மூலப்பொருள் வைக்கோல். அந்தக் காலத்தில் சூடடித்து முடிந்ததும் வைக்கோல் களவெட்டியிலேயே குவிந்து கிடக்கும், அள்ளி ஏற்றினால் போதும். இன்றைய வெட்டு மெசின் வைக்கோலை வயல் முழுக்கச் சிதறிவிட்டுப் போகிறது. பெரும்போக அறுவடை சில வாரம், ஆலைக்கோ வருடம் முழுக்க வைக்கோல் வேண்டும். குவியலை எப்படி அடுக்கினார்கள், நடுவில் ஈரம் ஏறி அழுகாமல் எப்படிப் பார்த்தார்கள், தீப்பிடித்தால் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் எந்த ஆண்டறிக்கையிலும் வராது. நறுக்கி, தூசி நீக்கி, காஸ்டிக் சோடாவோடு நீராவியில் அவித்து, கழுவி, சலித்து, வெளுத்து, கூழாக அடித்து, கம்பி வலையில் ஓட விட்டு, உருளைகளில் காயவைத்துச் சுருட்டியது வரை ஒவ்வொரு கட்டத்திலும் நின்றவரைத் தேடுங்கள். ஒரு தடவை அவிக்க எவ்வளவு சோடா, எத்தனை மணி நேரம், வெந்ததை விரலால் நசுக்கிப் பார்த்தார்களா மீற்றரைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஆலை அனுபவம் எப்படியிருந்தது என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

இங்கே ஒரு இரசாயன விஷயத்தைக் கேட்பவர் தெரிந்துகொண்டு போக வேண்டும். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம். சோடாவில் அவிக்கும்போது அது கரைந்து கறுப்புக் கழிவுநீரில் சேரும். அந்த நீரை வற்றவைத்துச் சோடாவை மீட்கப் போனால் குழாய்களில் கல்லாகப் படியும். மரக்கூழ் ஆலைகள் வழமையாகச் செய்யும் மீட்பு, வைக்கோல் ஆலைகளுக்குச் சிரமமாகப் போனது இதனால்தான். மீட்காத நீர் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? அதனால் ஆலைத் தொழிலாளியிடம் கேட்ட கேள்வியின் மறுபாதியை வாழைச்சேனைக் களப்பில் வலை வீசியவரிடம் கேளுங்கள். எந்த மாதம் தண்ணீர் நிறம் மாறியது, எந்த மீன் முதலில் ஒதுங்கியது, இறால் எப்படி இருந்தது, எந்தத் துறையில் நாற்றம். ஆலை ஓடிய வருடங்களையும் நின்ற வருடங்களையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் மீன்காரர் சொல்வதை எழுதினால் அதுவே பெரிய ஆவணம்.

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஒரே சிப்டில் நின்ற இடம் அந்த ஆலை. வாழைச்சேனையில் மட்டும் பேட்டி எடுத்துவிட்டு நிறுத்தாமல் ஓட்டமாவடி, மீராவோடைக்கும் போங்கள். ஊரைவிட்டுப் போன சிங்களத் தொழிலாளரின் குடும்பங்களையும் தேடுங்கள்.

ஒலிப்பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், வேவ் வடிவம். இரண்டு சனல் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிகாபைட் பிடிக்கும், அதற்குத் தக்க மெமரி கார்ட் வேண்டும். தொடக்கத்திலேயே திகதி, ஊர், பேசுபவர் பெயர் மூன்றையும் வாயால் சொல்லிப் பதியுங்கள். எழுத்தாக்கும்போது 'பெத்தாச்சி' என்றவரின் வாயில் 'பாட்டி' என்ற சொல்லைத் திணிக்காதீர்கள். பேச்சுத்தமிழைத் திருத்தினால் பாதித் தகவல் போய்விடும்.

தாள்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு அழிப்பதுதான் இங்கே அதிகம். லாமினேட் செய்யாதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக்கோடு ஒட்டிய படத்தைப் பிறகு பிரிக்கவே முடியாது. செலோடேப் சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் எடுத்துக்கொண்டு போகும். துருப்பிடித்த குண்டூசியை இழுக்க வேண்டாம், அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகி மெல்ல நிமிர்த்துங்கள். வைக்கோல் நார் மிகக் குட்டை, பைன் மரநாரின் நீளத்தில் பாதிகூட வராது. அதனால் அந்தத் தாள் மடிப்பில்தான் முதலில் கிழியும். விரித்தே வையுங்கள். ஆலையின் வெற்றுத்தாள் ஒன்று கிடைத்தாலும் அது ஆவணம்தான், எந்த வருடத்துத் தாள் என்று உறையில் பென்சிலால் எழுதுங்கள்.

கடிதங்களுக்கு 300 டிபிஐ, படங்களுக்கு 600 டிபிஐ, டிஃப் வடிவம். பைண்ட் செய்த லெட்ஜரை ஸ்கேனர் கண்ணாடியில் அமுக்கினால் முதுகு உடையும். ஸ்டாண்டில் கமராவை மேலிருந்து பொருத்தி, இருபுறமும் 45 பாகையில் விளக்கு வைத்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடும், டொக்கியூமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளத்தில் நனைந்த தாள் கட்டுகளை அங்கேயே பிரிக்காமல், பையில் போட்டு 48 மணி நேரத்துக்குள் டீப் பிரீசரில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்காது. பிறகு ஆறுதலாகப் பிரிக்கலாம்.

பிரதி மூன்று, சேமிக்கும் சாதனம் இரண்டு வகை, ஒரு பிரதி மாவட்டத்துக்கு வெளியே. 1978 நவம்பர் சூறாவளி, 2004 டிசம்பர் சுனாமி, 2006 இறுதியில் யுத்தத்தால் வாகரையிலிருந்து கையில் பட்டதோடு ஓடிவந்த சனம் என்று பார்த்தால் இந்த விதி எங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் சேர்த்து வருகிறது. அங்கே ஒரு பிரதி போகட்டும்.

இனி வேடர் ஊர்கள். 1911 இல் பிரித்தானிய மானுடவியலாளரான செலிக்மன் தம்பதியர் வெளியிட்ட வேடர் ஆய்வில் கடலோர வேடருக்கெனத் தனி அத்தியாயமே இருக்கிறது. கப்பல் பேய்ச் சடங்கும் அதில் பதிவாகியிருக்கிறது. அந்த அத்தியாயத்தைத் தமிழில் அந்த ஊர்ப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டி, சரி பிழை கேட்பதில் தொடங்கலாம். வில்லும் கோடாலியும் பிடிக்கச் சொல்லி நிற்கவைத்துப் படம் எடுப்பது ஆவணம் அல்ல. இடப்பெயர்கள், தேன் எடுத்த காட்டுப் பாதைகள், மீன் பிடித்த ஓடைகள், எந்தக் காணிக்குள் எப்போது வேலி வந்தது, ஆலையிலோ வயலிலோ கூலிக்குப் போனவர் யார் என்பதைக் கேட்டு, அவர்களோடு நடந்து வரைபடத்தில் குறியுங்கள். வேடர் என்பதா, ஆதிவாசி என்பதா, பூர்வகுடி என்பதா என்று அவர்களே சொல்லட்டும்.

சடங்குப் பாட்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்று இருக்கிறது. சடங்கை நடத்தும் கப்புறாளை பதிய வேண்டாம் என்றால் பதியக் கூடாது. பதிந்தவற்றையும் எல்லோருக்கும், ஊருக்கு மட்டும், யாருக்கும் இல்லை என்று மூன்றாகப் பிரித்து, எது எதில் என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டும். சம்மதம் கையெழுத்தாக இருக்க வேண்டியதில்லை, வாய்ச்சொல்லாகப் பதிந்தால் போதும். பிறகு வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். முதல் பிரதி போனில் போட்டுக் கேட்கக்கூடிய மெமரி கார்டில் அவர்கள் கைக்குப் போக வேண்டும், பல்கலைக்கழகத்துக்கும் வெளிநாட்டுக்கும் அதற்குப் பிறகுதான்.

அவசரம் ஒன்றும் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொது அதிகாரசபைகள் ஏற்கனவே வைத்திருந்த பதிவேடுகளைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து குறைந்தது 10 ஆண்டுகள் பேண வேண்டும் என்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரியில். 2027 பெப்ரவரியோடு அந்தப் பிடி தளர்கிறது. ஆலையின் சம்பளப் பதிவேடு, இயந்திர வரைபடங்கள், பிரதேச செயலகங்களின் பழைய காணிக் கோப்புகள் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பம் போடுங்கள். எல்லாப் பதிவுகளும் வேண்டும் என்று எழுதினால் நிராகரிப்பது சுலபம், எந்த வகைக் கோப்பு, எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்று எழுதுங்கள்.

தொடங்குபவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் கூட்டத்தை வாழைச்சேனையில் வைக்காதீர்கள். மாரி தொடங்குமுன் குஞ்சன்குளத்தில் வையுங்கள், வாகனச் செலவை வரவுசெலவின் முதல் வரியிலேயே போடுங்கள், அன்றைக்குக் கூலி இழந்து வருபவருக்கு அந்த நாள் கூலியை இரண்டாவது வரியில் போடுங்கள்.