பூஜ்யம் வந்துச்சு, கால்பேக் வரல

நான் கேட்ட கேள்வி இதுதான்: லிப்மஸ்கிட்டோங்கிற எம்க்யூடிடி செய்தி லைப்ரரியை, சி++ கோடைப் பைத்தானோட இணைக்கிற பைபைண்ட்11 வழியா, பைத்தான்ல ஓட்டுறேன். கனெக்ட் கூப்பிட்டா 0ன்னு திரும்பி வருது. பிழை இல்லையாம், எல்லாம் சுபமாம். பதில் வந்ததும் லைப்ரரியே கூப்பிடவேண்டிய என் ஃபங்ஷன், அதாவது ஆன்_கனெக்ட்ங்கிற கால்பேக், மட்டும் எட்டிக்கூடப் பார்க்கல. பந்தல் போட்டாச்சு, மேளமும் வந்தாச்சு, மாப்பிள்ளையைக் காணோம்.

லிப்மஸ்கிட்டோ கொடுக்கிற அந்த 0க்கு, "போய்ச் சொல்லிட்டேன்"ங்கிறதுக்கு மேல அர்த்தம் கிடையாது. புரோக்கர், அதாவது செய்திகளை வாங்கிப் பிரிச்சு அனுப்புற சர்வர், கான்னாக்ங்கிற பதிலை அனுப்பணும், அதை யாராவது சாக்கெட்டிலிருந்து படிக்கணும், படிச்சாத்தான் கால்பேக். படிக்கிற வேலை லூப்போடது. லூப்_ஸ்டார்ட்டோ லூப்_ஃபாரெவரோ கூப்பிடலன்னா அடுத்த பொங்கல் வரைக்கும் உட்கார்ந்திருக்கலாம். சரி, லூப்_ஸ்டார்ட் போட்டாச்சு சாமி. அப்பவும் மௌனம்.

உடனே வந்துடுவாங்க அறிவுரை மன்னர்கள். கால்பேக்கை சிஃபங்க்டைப்புல சுத்தினதை ஒரு வேரியபிள்ல புடிச்சு வெச்சியா, இல்லன்னா அந்த வரி முடிஞ்சதுமே பைத்தான் குப்பையில தள்ளிடும், சி கையில இருக்கிறது செத்தவன் விலாசம்தான். ரெஸ்டைப், அதாவது திரும்பி வர்றது என்ன வகைன்னு, சொன்னியா, சொல்லலன்னா 64 பிட் பாயின்டர் 32 பிட்டா வெட்டுப்படும். மூணு ஆர்குமென்ட் வர்ற இடத்துல ரெண்டை வாங்கினியா, அப்ப டைப்எரர் ஸ்டெடெர்ருங்கிற பிழைச் செய்தி வழியில போய் விழும், உன் சர்வீஸ் ஸ்டெடெர்ரைத்தான் டெவ்நல்லுங்கிற குப்பைக்குழிக்குத் திருப்பி விட்டிருக்கே. அத்தனையும் சரி. அத்தனையும் சிடைப்ஸுக்கு, பைத்தான்லேர்ந்து சியைக் கூப்பிடுற வேற வழி அது. இது பைபைண்ட்11ய்யா! கேள்வியைப் படிச்சுட்டுப் பதில் சொன்னா என்ன குறைஞ்சிடும்?

புரோக்கரோட 1883 போர்ட்டை, நெட்வொர்க்ல போறதைக் காட்டுற டிசிபிடம்ப்ல பார்த்தா, 20 02ன்னு தொடங்கி நாலே நாலு பைட். கான்னாக் வந்து இறங்கியிருக்கு. புரோக்கர் பதில் சொல்லிட்டான், கெர்னலும் வாங்கி வெச்சுடுச்சு. நடுவுல எவன் முழுங்கினான்?

இதுல கன்ட்ரோல்-சி அடிச்சாலும் புரோகிராம் சாகாது. அடி, இன்னும் அடி, கீபோர்டு தேயத் தேய அடி. சிக்னல் போய்ச் சேருது, ஆனா அதைக் கவனிக்க மெயின் திரெட், அதாவது புரோகிராமோட முக்கிய ஓட்டம், பைத்தானுக்குத் திரும்பி வரணுமே! அது எங்கேயோ சி++க்குள்ள படுத்துக் கிடக்கு. அங்கதான் பொறி தட்டணும்.

ஜிடிபிங்கிற டீபக்கரை ஒட்டவெச்சு எல்லா திரெடுக்கும் பேக்டிரேஸ், அதாவது எது எங்கே நிக்குதுங்கிற பட்டியல், எடுத்தா, ஆகா, என்ன ஒரு காட்சி! மெயின் திரெட், பைண்டிங் எழுதின மகராசன் பெருமையா வெச்ச வெயிட்_கனெக்டட்டுக்குள்ள, இன்னொருத்தர் எழுப்புற வரைக்கும் காக்கவைக்கிற கண்டிஷன் வேரியபிள்மேல தலைவெச்சுத் தூங்குது. தூங்கும்போது ஜிஐஎல்லையும், அதாவது ஒரு நேரத்துல ஒரு திரெட்டை மட்டும் பைத்தான் ஓட்ட விடுற சாவியையும், இடுப்புல முடிஞ்சுக்கிட்டே தூங்குது. நெட்வொர்க் திரெட் கான்னாக்கைப் படிச்சு, கால்பேக்கைக் கூப்பிட வந்து, அந்தச் சாவியை வாங்குற டேக்_ஜிஐஎல்ல நிக்குது. 5 மில்லி செகண்டுக்கு ஒரு தரம் முழிச்சு, "கொஞ்சம் விடேன்"னு கேட்குது, திரும்பக் காத்திருக்கு, திரும்பக் கேட்குது. உள்ளே இருக்கிறவன் கால்பேக் வந்தாத்தான் எழுந்திருப்பான். கால்பேக் அவன் சாவியைக் கொடுத்தாத்தான் உள்ளே வரும். கால்பேக் வராம இல்ல, வாசல்லயே நிக்குது! நாள் பூரா நிக்குது! டைம்அவுட்னு ஒண்ணு வெச்சிருந்தாலாவது மூணு செகண்டுல குட்டு உடைஞ்சிருக்கும். அதையும் வெக்கல, எதுக்கு வெக்கணும், நமக்கென்ன வேற வேலையா இருக்கு?

மருந்து ஒரே வரி. வெயிட்_கனெக்டட்டைப் பைண்டிங்ல டெஃப் பண்ற இடத்துல கால்_கார்டா ஜில்_ஸ்கோப்ட்_ரிலீஸைச் சேர்க்கணும். சாவியைத் திண்ணையில வெச்சுட்டுத் தூங்குங்கிறதுக்கு அதுதான் வழி. கால்பேக்கை சி++ பக்கம் ஸ்டட் ஃபங்ஷனா வாங்கியிருந்தா, திரும்ப ஜிஐஎல் எடுக்கிறதை பைபைண்டே பார்த்துக்கும். காத்திருக்கிற எந்த ஃபங்ஷனை வெளியே விட்டாலும் இந்த வரி வேணும். டாக்குமென்ட்ல கொட்டை எழுத்துல இருக்கு. இருந்து என்ன, படிக்கணுமே.

சேர்த்து, திரும்ப பில்ட் பண்ணி, ஓட்டினா, வந்துச்சய்யா கால்பேக்! ஆர்சி, அதாவது புரோக்கர் சொன்ன பதில் எண், 5.

5ன்னா அனுமதி இல்லை.

டம்ப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தா 20 02 00 05. அந்தக் கடைசி பைட் காலையிலேர்ந்து கண்ணுக்கு நேரா உட்கார்ந்து சிரிச்சிருக்கு. இனி யாரைத் திட்டி என்ன, சிரிப்புதான் வருது. ஆனா நேத்து ராத்திரி புரோக்கர்ல பேரும் பாஸ்வேர்டும் இல்லாம நுழையற அனானிமஸை மூடின புண்ணியவானே, குரூப்ல தினமும் காலையில ரோஜாப்பூ படம் போடத் தெரியுதுல்ல, "பாஸ்வேர்டு வெச்சிருக்கேன்"னு ஒரு வரி போட விரல் வலிச்சுதா?