பக்கத்த குறைங்க, எழுதுறவங்க காச குறைக்காதீங்க

"அக்கா, சின்னதா ஒரு சஞ்சிகை தொடங்கப் போறோம், கட்டுரை கதை எல்லாம் குறைஞ்ச செலவுல எங்க எடுக்கலாம்?" இந்தக் கேள்விய நம்ம இலங்கை மலையகத்துல ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைன்னு பல பக்கத்துல இருந்தும் தம்பி தங்கச்சிமாரு கேக்குறாங்க. இன்பொக்ஸ்ல ஒவ்வொருத்தருக்கா சொல்லுறத விட இங்கயே எழுதிடுறேன், நீளமா போகும், பொறுமையா வாசிங்க.

மொதல்ல உங்க பட்ஜெட் பேப்பர எடுத்துப் பாருங்க. பேப்பர் எவ்வளவு, பிரிண்டிங் எவ்வளவு, கவர கலர்ல அடிக்க எவ்வளவு, டிசைன் பண்ற பையனுக்கு எவ்வளவு, பஸ்ல பார்சல் போட எவ்வளவுன்னு எல்லாம் இருக்கும். எழுதுறவங்களுக்குன்னு ஒரு வரியே இருக்காது. பிரஸ்காரர்கிட்ட போயி "அண்ணே, நாங்க சமூகத்துக்காக செய்றோம், சும்மா அடிச்சுத் தாங்க"ன்னு நம்ம கேக்க மாட்டோம், ஆனா ராத்திரி புள்ளைங்கள தூங்க வச்சிட்டு உக்காந்து எழுதுற டீச்சர்கிட்ட மட்டும் அத கூச்சமில்லாம கேக்குறோம். இது எனக்கு உண்மையிலேயே வலிக்குது.

காசு இல்லன்னா பக்கத்த குறைங்க. அச்சகத்துல பெரும்பாலும் 16 பக்கம் ஒரு ஃபார்ம்னு கணக்கு, 48 பக்கம்னு ஆசப்பட்டத 32 ஆக்குனா ஒரு ஃபார்மே கொறையுது, உள்பக்கத்துக்கான பேப்பர்லயும் பிளேட்லயும் மூணுல ஒரு பங்கு மிச்சம். கொப்பி சைஸ்ல 32 பக்கம்னா விளம்பரம், படம், பொருளடக்கம் எல்லாம் போக ஆறாயிரம் சொல்லு இருந்தா போதும். நாலு நல்ல கட்டுரை, ஒரு சிறுகதை, ரெண்டு மூணு கவிதை, அவ்வளவுதான். மிச்சம் புடிச்ச அந்தக் காசுல ஒரு கட்டுரைக்கு குறைஞ்சது ஒரு நாள் பேரு போட்டுக் கொடுங்க. தோட்டத்துல ஒரு நாள் வேலைக்கு என்ன சம்பளமோ அது. கொழுந்து எடுக்குற அம்மாவோட மகள் எழுதுன எழுத்துக்கு அவங்க அம்மாவோட ஒரு நாள் சம்பளத்த கூட கொடுக்க முடியலன்னா அந்த இதழுக்கு மலையகம்னு பேரு வைக்க நமக்கு உரிமை இருக்கான்னு யோசிங்க.

இப்ப சொல்லுக்கு இவ்வளவுன்னு மலிவா கட்டுரை எழுதிக் கொடுக்குற ஆக்கள் ஒன்லைன்ல நிறைய இருக்காங்க, அதுக்கும் மேல ஏஐ வேற வந்திருச்சு, ஒரு நிமிஷத்துல தேயிலைத் தோட்டத்த பத்தி ரெண்டு பக்கம் வரும். வாசிச்சுப் பாருங்க, பச்சப்பசேல்னு மலை, பனி மூட்டம், கூடை சுமக்குற பெண்கள். மூணாறுக்கும் பொருந்தும், வால்பாறைக்கும் பொருந்தும், பொகவந்தலாவைல இருக்குற ஒருத்தருக்கு அதுல புதுசா ஒரு விஷயமும் இருக்காது. அதுக்கு ஏன் பேப்பர் செலவு பண்ணணும்?

நம்ம கையிலயே கிடக்குற எழுத்து எவ்வளவுன்னு தெரியுமா? பேராதனை கெம்பஸ்ல படிச்சு முடிச்ச நம்ம புள்ளைங்க நிறைய பேரு ஆய்வுக்கட்டுரைன்னு ஒன்னு எழுதி கெம்பஸுக்கு கொடுத்திருப்பாங்க, காமன் கூத்து, லயத்து வீடு, நாட்டார் பாட்டு, தோட்டத்துப் பள்ளிக்கூடம்னு என்னென்னவோ, அதோட ஒரு பிரதி வீட்டு அலமாரில தூங்கும். அத எழுதுனவங்கள புடிச்சு, அதுல ஒரு அத்தியாயத்த மட்டும் சாதாரண தமிழ்ல ஆயிரம் சொல்லுக்கு சுருக்கித் தரச் சொல்லுங்க, ஆராய்ச்சி ஏற்கனவே முடிஞ்சிருச்சு, அவங்களுக்கு ரெண்டு நாள் வேலைதான். தமிழ்மொழித் தினப் போட்டில பரிசு வாங்குன கதை கட்டுரை எல்லாம் எங்க போகுது? பள்ளிக்கூடத்து ஃபைல்ல. பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரில ஆசிரியராகப் போற புள்ளைங்க எத்தன பேரு எழுதுறாங்க, யாராவது போயி கேட்டோமா?

பெரியவங்க பேச்ச பதிவு பண்றதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச வழி. ஒரு ஃபோன் போதும். பழைய கங்காணி வீட்டுத் தாத்தாவோ, நாப்பது வருஷம் மலைல கொழுந்து எடுக்கப் போன பாட்டியோ ஒரு மணி நேரம் பேசுனா அதுல ரெண்டு இதழுக்கு விஷயம் இருக்கும். வொய்ஸ் டைப்பிங்ல போட்டுப் பாக்கலாம், ஆனா பெரட்டுன்னு (காலைல ஆள் கூடி வேலை பிரிக்குறது) சொன்னா அது வேற என்னவோ எழுதும், அதனால ஒருத்தர் உக்காந்து கேட்டுத் திருத்தணும், அந்த ஒருத்தருக்கும் காசு கொடுக்கணும். பேசுன ஆள்கிட்ட அச்சுக்கு முன்னாடி வாசிச்சுக் காட்டி சம்மதம் வாங்குங்க, பேர போடுங்க.

பழைய எழுத்த மறுபடி போடலாமான்னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு. போடலாம், கணக்குப் பாத்து. நம்ம நாட்டுல 2003ஆம் வருஷத்து 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதுனவர் இறந்து 70 வருஷம் வரைக்கும் உரிமை இருக்கு. தோட்டத் தொழிலாளருக்கு சங்கம் அமைச்ச கோ. நடேசய்யர் 1947ல இறந்துட்டாரு, அவரு எழுதுனத இப்ப யாரும் போடலாம், போடவும் வேணும், 1921லயே தேசநேசன் பத்திரிகை நடத்துன மனுஷன் எழுதுனத நம்ம புள்ளைங்க ஒரு பக்கம் கூட வாசிச்சது கெடையாது. மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை 1984ல இறந்தவரு, அவரு எழுத்துக்கு உரிமை இன்னும் இருக்கு, குடும்பத்துகிட்ட கேக்கணும். பழைய தமிழ்ப் புத்தகம் எல்லாம் சேர்த்து வைக்குற நூலகம் இணையத்தளத்துல ஸ்கேன் பண்ணி இருக்குங்குறதுக்காக எடுத்துப் போட முடியாது, வாசிக்கத்தான் அது. தமிழ் விக்கிபீடியால இருந்து எடுக்கலாம், எங்க இருந்து எடுத்தோம்னும் அதே உரிமத்துல மத்தவங்களும் எடுக்கலாம்னும் போட்டே ஆகணும். பேஸ்புக்ல யாரோ எழுதுனத "படித்ததில் பிடித்தது"ன்னு போடுறது மட்டும் வேணாம், அது களவுதான். அவங்களுக்கு ஒரு மெசேஜ் போடுங்க, முக்காவாசிப் பேர் சந்தோஷமா சரின்னு சொல்லுவாங்க.

இன்னொன்னு போட்டி. அறுபதுகள்ல வீரகேசரி பத்திரிகைல மலையகச் சிறுகதைப் போட்டி வச்சப்பதான் தெளிவத்தை ஜோசப் மாதிரி எழுத்தாளருங்க வெளிய தெரிஞ்சாங்க. சின்ன இதழும் வைக்கலாம், மூணு பரிசுக்கு ஒரு கடைக்காரர் ஸ்பொன்சர் பண்ணுவாரு, நல்ல கதை ஒரு வருஷத்துக்கு சேரும். பரிசு கிடைக்காத கதைய பின்னாடி போட்டீங்கன்னா அதுக்கும் ஒரு நாள் பேரு உண்டு, அத அறிவிப்புலயே சொல்லிடுங்க.

பேராதனை ஆய்வு கையில வச்சிருக்குறவங்க கீழ தலைப்ப மட்டும் போடுங்க. இதழ் தொடங்குற தம்பி தங்கச்சிமாரு அத பாத்து நேரா அவங்ககிட்ட பேசிக்கங்க, எவ்வளவு கொடுப்பீங்கன்னும் மொத மெசேஜ்லயே சொல்லிடுங்க.